கொழுந்தன் மாட்டிய மூச்சுக்குழாய்

ஆண்டவர் மண்ணையும் மூச்சையும் ஒரே ஒருமுறை கலந்தார், மனிதன் உண்டானான். விளைந்ததைப் பார்த்த பின் அவர் அந்த வேலையை மறுபடி செய்யவில்லை. அதைத் திரும்பவும் செய்யத் துணிந்தவன், நானறிந்த வரையில், என் கொழுந்தன் டுவேன் ப்ரூயிட் ஒருவனே. அவன் கலந்த இடம் என் ட்ரக்கின் இன்ஜின்.

அக்காளுக்குப் பித்தப்பையை எடுத்திருந்தார்கள் என்று நான் அபிலீனுக்குப் போயிருந்தேன். அவள் எழுந்து தன் காபியைத் தானே போட்டுக்கொள்ளும் வரை இருந்துவிட்டுப் பஸ்ஸில் திரும்பினேன். நிலையத்து வாசலில் பெட்டியோடு நின்றபோது என் ட்ரக் கண்ணுக்குத் தெரியும் முன்பே காதுக்குக் கேட்டது. முதலில் அது என்னுடையது என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஏதோ பெரிய விலங்கு வற்றிய தொட்டியின் அடிநீரை உறிஞ்சுவதுபோல ஓர் ஓசை. அதற்குள் ஊசியாய் ஒரு சீழ்க்கை. பிறகு திருப்பத்தில் என் வெள்ளை ட்ரக் வந்தது. ஓட்டி வந்தவன் டுவேன். பக்கத்து இருக்கையில் என் கணவர் ஆர்லிஸ், திருவிழாவுக்கு அழைத்துப் போகப்பட்ட குழந்தையின் முகத்தோடு.

“அண்ணி! பாத்தீங்களா? பாக்கறது இருக்கட்டும், கேட்டீங்களா?” டுவேன் கதவைத் திறந்து குதித்தான்.

“கேட்டேன். எங்க ஓட்டை?”

“ஓட்டையா! அண்ணி, அது மூச்சு. இத்தனை வருஷமா உங்க வண்டி மூக்கடைச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. இப்பதான் மூச்சு விடுது.”

ஆர்லிஸ் முதுகைப் பிடித்தபடி மெல்ல இறங்கினார். “நம்ம கல்யாண நாளுக்கு, நெல்டா. டுவேனும் நானும் சேந்து மாட்டினோம்” என்றார்.

நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பானெட்டைத் தூக்கினேன். நான் ஊருக்குப் போகும்வரை கறுப்புப் பெட்டி ஒன்று அடக்கமாக அமர்ந்திருந்த இடத்தில் பளபளக்கும் உலோகக் குழாய் ஒன்று வளைந்து கிடந்தது. அதன் நுனியில், மூடியும் இல்லாமல் மறைப்பும் இல்லாமல், எண்ணெயில் ஊறிய சிவப்புப் பருத்திக் கூம்பு; அதுதான் ஃபில்டராம். குழாயின் முதுகில் வாயைப் பிளந்த சிங்கத்தின் படம். கீழே ‘பாலைச் சிங்கம்: குளிர்காற்றுக் குழாய்’ என்ற எழுத்து. குளிர்காற்று! பழைய பெட்டி சக்கர மறைப்பின் பின்னாலிருந்து வெளிக்காற்றை எடுக்கும். இந்தச் சிங்கமோ கொதிக்கும் இன்ஜினின் தோளிலேயே வாயை வைத்து, இன்ஜின் விட்ட சூட்டை இன்ஜினுக்கே திருப்பி ஊட்டியது.

“பெட்டி எங்க?”

“எந்தப் பெட்டி?”

“இந்த எடத்துல இருந்த பெட்டி. கம்பெனிக்காரன் வச்சது.”

“அந்தப் பிளாஸ்டிக் டப்பாவா? அதுக்கு ஒரு நல்ல எடமாப் பாத்து அனுப்பிட்டேன்.” அவன் பல்லைக் காட்டினான். “உள்ள இருந்த பேப்பர் ஃபில்டரப் பாத்தீங்களா அண்ணி? அடுப்புக்கரி தோத்துரும். அத வச்சா இத்தனை நாள் ஓட்டினீங்க? பாவம்.”

“கறுப்பா இருந்தா வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம். எல்லாமே உன் கை மாதிரி வெள்ளையா இருக்குமா?”

ஆர்லிஸ் தொண்டையைச் செருமினார். டுவேன் சிரித்தான். அவமானத்தைப் பாராட்டாக மாற்றிக்கொள்ளும் அரிய சுரப்பி ஒன்று அவனுக்குள் உண்டு.

பேப்பர் ஃபில்டர் ஒரு விந்தையான பொருள். புதிதாக இருக்கும்போது அது நல்லது. கொஞ்சம் அழுக்கேறிய பின் இன்னும் நல்லது. ஏறிய தூசியே அடுத்து வரும் தூசிக்கு வலையாகும். எப்போது மாற்ற வேண்டுமென்று சொல்லப் பெட்டியின் மேல் சிறு கண்ணாடிக்குள் மஞ்சள் கோடு ஒன்று இருக்கும். அது சிவப்பைத் தொடும் வரை பெட்டியைத் திறக்காமல் இருப்பதே அறிவு. ஆனால் சும்மா இருப்பது எங்கள் ஊர் ஆண்களுக்குக் கைவராத கலை. கழற்றிப் பார்ப்பார்கள், டயரில் தட்டுவார்கள், வாயால் ஊதுவார்கள், கிழிந்ததைத் திரும்ப மாட்டுவார்கள். பிறகு இன்ஜின் புகைந்தால் கம்பெனிக்காரனைத் திட்டுவார்கள்.

டுவேன் இவர்களுக்கெல்லாம் தலைவன். பள்ளி பஸ் கொட்டகையில் யார் எந்த பஸ்ஸை எடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வது அவனுக்கு உத்தியோகம். அவன் ட்ரக் இதுவரை சுமந்த அதிகபட்ச எடை அவனேதான். வார இறுதியில் மணல்மேடுகளில் அதை ஏற்றி இறக்கி விளையாடுவான். மூன்று வருடமாக அதில் இதே சிங்கம் கர்ஜித்துக்கொண்டிருந்தது.

என் ட்ரக் விளையாடுகிற ட்ரக் அல்ல. எண்ணெய்க் கிணறு தோண்டும் துரப்பண மேடையில் குழாய் சரிந்து ஆர்லிஸின் முதுகு போன நாளிலிருந்து எங்கள் வீட்டு அடுப்பு எரிவது அந்த ட்ரக்கால். எண்ணெய்க் கிணறுகளில் ஏதாவது ஒரு வால்வோ பம்போ உடைந்தால் வேலை நின்றுவிடும். மாற்றை உடனே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்த அவசரச் சரக்கைத் தட்டை ட்ரெய்லரில் கட்டி இழுத்துப் போவது என் தொழில். போகிற பாதையில் மணல் சுரங்கங்கள். பாறையைப் பிளந்து எண்ணெய் எடுக்கக் கிணறுகளுக்குள் செலுத்தும் வெள்ளை மணலைச் சுமக்கும் லாரிகள் இடைவிடாமல் ஓடி, சாலைக்கு மேல் இன்னொரு வானத்தை எழுப்பி வைத்திருக்கும். அந்தத் தூசி மாவைவிட மெல்லியது, கண்ணாடியைவிடக் கூரியது. அது இன்ஜினுக்குள் போனால் பிஸ்டனையும் சுவரையும் அரத்தைப்போலத் தேய்த்துவிடும். நாங்கள் குடியிருக்கும் வீட்டையே விற்றாலும் எங்களால் இன்னொரு இன்ஜின் வாங்க முடியாது. இதெல்லாம் ஆர்லிஸுக்குத் தெரியும். டுவேனுக்கும் தெரியும். தெரிந்தவை தலைக்குள் இருந்தன, ஓசை காதுக்குள் இருந்தது, காதுதான் வென்றது.

திங்களன்று காலையிலேயே சரக்கு அனுப்பும் ஹெக்டர் ஓலிவாஸ் போனில் கூப்பிட்டான்.

“அக்கா, வந்துட்டீங்களா? தெற்கு மேடையில வால்வு போச்சு. ஆளுங்க சும்மா நிக்கிறாங்க. எடுக்கறீங்களா, இல்ல வேற ஆளுக்குக் குடுக்கட்டுமா?”

“எடுக்கறேன்.”

வேறு வழி இல்லை. பாகங்கள் விற்கும் கடையில் முந்தின சனிக்கிழமையே கேட்டுவிட்டேன். அந்தப் பெட்டி தொழிற்சாலையிலிருந்து வர வாரக்கணக்காகும் என்றார் கடைக்காரர். “அதெல்லாம் லேசுல ஒடையாதேம்மா. யாரும் கழட்டித் தூக்கி எறியவும் மாட்டாங்களே” என்று வியந்தார். “எங்க வீட்ல எறிவாங்க” என்றேன்.

சிங்கத்தோடு புறப்பட்டேன். ஆற்றைத் தாண்டியதும் ஒரு நீண்ட ஏற்றம் உண்டு. சுமையோடு ஏறினால் என் ட்ரக் எந்த கியரில் எந்த வேகத்தில் ஏறும் என்பது என் நாடித்துடிப்பைப்போல எனக்குப் பழக்கம். அன்றும் அதே கியர், அதே வேகம், ஒரு முடியளவும் கூடவில்லை. கூடியது ஓசை மட்டும். உச்சியை அடைந்தபோது எனக்குத் தலைவலியும் கூடியிருந்தது. டுவேன் வாக்களித்த வலிமை எங்கேயோ இருந்திருக்கலாம். என் சக்கரங்கள் இருந்த இடத்துக்கு அது வரவில்லை.

பிறகு மணல் சாலை. துரப்பண மேடையில் வால்வை இறக்கிக்கொண்டிருந்தபோது பானெட்டைத் திறந்தேன். கோயிலுக்கு எடுத்துப்போகும் வெள்ளைக் கைக்குட்டை பையில் இருந்தது. கூம்பின் கழுத்தைத் தளர்த்தி, ஃபில்டரைத் தாண்டி உள்ளே, காற்று சுத்தமாகிவிட்டதாகச் சொல்லப்படும் இடத்தில், விரலில் சுற்றிய துணியால் ஒரு வட்டம் துடைத்தேன். துணி சாம்பலாக வந்தது. ஒரு துளியைப் பல்லிடுக்கில் வைத்தேன். நறநறத்தது.

அந்த வாரம் முழுவதும் சரக்கு இருந்தது, முழுவதும் ஓட்டினேன். ஒவ்வொரு நாள் மாலையும் துடைத்தேன். ஒவ்வொரு நாளும் நறநறத்தது.

ஞாயிறு ஆராதனைக்கு முன்னும் பின்னும் எங்கள் கோயிலின் வண்டி நிறுத்துமிடத்தில் இன்னொரு ஆராதனை நடக்கும். ஆண்கள் பானெட்டுகளைத் தூக்கி வைத்துக்கொண்டு சுற்றி நிற்பார்கள். உள்ளே பிரசங்கத்தின்போது தூங்குகிறவர்கள் இங்கே கண்கொட்டாமல் நிற்பார்கள். நான் நேரே டுவேனிடம் போய்க் கைக்குட்டையை விரித்தேன்.

“இது என்ன அண்ணி?”

“உன் சிங்கத்தோட எச்சில். ஃபில்டருக்கு இந்தப் பக்கம் இருந்துச்சு.”

அவன் கைக்குட்டையை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கி, மருத்துவனைப்போலத் தலையை ஆட்டினான். பக்கத்தில் நின்ற எங்கள் சபையின் டீக்கன் வெஸ் டாலிவர் தன் வெள்ளைத் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எட்டிப் பார்த்தார்.

“எண்ணெய் பத்தல” என்றான் டுவேன்.

“ஆமா, எண்ணெய் பத்தல” என்றார் வெஸ்.

“எண்ணெயா? அதுல ஓட்டை ஓட்டையா வெளிச்சம் தெரியுது டுவேன்! என் சல்லடைல கூட மாவு நிக்கும், இதுல நிக்காது.”

“அண்ணி, இது சாதாரண ஃபில்டர் இல்ல. ஆயுசுக்கும் ஒண்ணு போதும். கழுவிக் கழுவி மாட்டலாம். எண்ணெய்தான் தூசியப் பிடிக்குது. நீங்க ஒரு வாரம் ஓட்டினதுல காஞ்சிருக்கு, அவ்வளவுதான்.”

“நீ இதத் தொடாத. பெட்டி எங்கேன்னு மட்டும் சொல்லு.”

“சொன்னேனே, நல்ல எடத்துல இருக்கு. இனிமே அதுக்கு ஓய்வு அண்ணி.”

மணி அடித்தது, நான் உள்ளே போய் ஆர்கனின் முன் உட்கார்ந்தேன். எங்கள் கோயிலில் ஆர்கன் வாசிப்பது நான். இரண்டாம் பாட்டின் நடுவில் பக்கத்து ஜன்னல் வழியே பார்த்தேன். என் ட்ரக்கின் பானெட் தூக்கியிருந்தது. அதன் கீழிருந்து டுவேனின் பின்புறம் தெரிந்தது. அவன் கையில் சிவப்பு எண்ணெய்ப் புட்டி. அந்தப் பாட்டுக்குச் சரணங்கள் அதிகம். பாதியில் எழுந்து ஓடினால் ஆண்டவர் மன்னித்திருப்பார். முன்வரிசையில் நின்ற பாடகர் குழு மன்னித்திருக்காது. ஆகவே என்னால் முடிந்ததைச் செய்தேன். வேகத்தைக் கூட்டினேன். சபையார் மூச்சு வாங்க என் விரல்களின் பின்னால் ஓடி வந்தார்கள். கடைசிச் சரணத்தைப் பாதிப் பேர் பாடவில்லை, பாதிப் பேர் முடித்திருந்தார்கள். நான் வெளியே வந்தபோது அவன் கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். கூம்பிலிருந்து சிவப்பாக எண்ணெய் சொட்டியது.

“தாராளமாப் போட்டிருக்கேன் அண்ணி” என்றான். தாராளம் என்பது அடுத்தவர் இன்ஜினில் அவனுக்கு எளிதாக வரும் குணம்.

வீட்டுக்கு வந்து பழைய துண்டுகளால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். ஒற்ற வந்தது கொஞ்சம். உள்ளே போயிருந்தது அதிகம்.

அடுத்த சரக்கு ஒரு பம்பின் தலை. நீண்ட ஏற்றத்தின் பாதியில் ட்ரக் திக்கியது. மிதித்தேன், விக்கியது. எச்சரிக்கை விளக்கு எரிந்தது. கறுப்புப் புகை கண்ணாடியில் தெரிந்தது. ஓரத்தில் நிறுத்திவிட்டு இறங்கினேன். குழாய்க்குள் காற்றை அளந்து சொல்ல ஒரு சென்சார் உண்டு. அதற்குள் இருப்பது தலைமயிரினும் மெல்லிய கம்பி. அது சொல்லும் அளவை நம்பித்தான் இன்ஜின் டீசலை எடுக்கும். கழற்றிப் பார்த்தேன். டுவேனின் எண்ணெயும் மணல் சாலையின் தூசியும் சேர்ந்து அதன்மேல் பசையாக அப்பியிருந்தன. அளக்கிறவன் கண்ணில் சேற்றை அப்பிவிட்டு அளவைக் கேட்டால் என்ன கிடைக்கும்? புகைதான் கிடைக்கும்.

ஹெக்டரைக் கூப்பிட்டேன்.

“அக்கா, அங்க கம்பெனி ஆளு என் தலைமேல நிக்கறான். எப்ப வருவீங்க?”

“வந்துருவேன். சென்சாரத் தொடைக்கணும்.”

“உங்க வண்டி நின்னு நான் பாத்ததே இல்லியே அக்கா. உங்களுக்குன்னு சொல்லித்தான் இந்தப் பாதைய வாங்கி வச்சிருக்கேன். இன்னொரு தடவ நின்னா அவனுங்க வேற ஆளப் போட்டுருவானுங்க. அப்பறம் என் கையில இல்ல.”

ஏற்றத்தின் கீழிருந்த பெட்ரோல் நிலையம்வரை யாரோ ஒரு புண்ணியவான் என்னை ஏற்றிப்போய்த் திருப்பிக் கொண்டுவந்து விட்டான். வாங்கி வந்த சுத்திகரிக்கும் திரவத்தை மெல்லப் பீய்ச்சி அந்தக் கம்பியைக் கழுவி, காய வைத்து, மாட்டினேன். காய்வதற்குக் காத்திருந்தபோது வீட்டுக்குப் போன் போட்டேன்.

“ஆர்லிஸ், வண்டி நின்னு போச்சு. ஹெக்டரு கடைசியா எச்சரிச்சுட்டான்.”

அந்தப் பக்கம் டிவியை அணைத்தார். பிறகு, “பெட்டி கோலீன் வீட்ல இருக்கு” என்றார். கோலீன் டுவேனின் மனைவி.

“அங்க எதுக்கு?”

“கோழிக்கு.”

நான் காதிலிருந்து போனை எடுத்து அதை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பக் காதில் வைத்தேன். “உனக்கு மொதல்லயே தெரியுமா?”

“நீ டுவேனத்தான கேட்ட. என்னக் கேக்கலியே.”

இப்படி ஒரு பதிலைச் சொல்ல ஒருவர் பல வருடம் கல்யாணம் பண்ணியிருக்க வேண்டும். பம்பின் தலையைத் தாமதமாகக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, வீட்டு வாசலில் ஹாரனை அடித்தேன். அவர் வந்து ஏறினார். வழியெல்லாம் சிங்கம் மட்டும் பேசிக்கொண்டு வந்தது.

டுவேன் வேலையிலிருந்து வந்திருக்கவில்லை. கோலீன் முட்டைக் கூடையோடு கொல்லையில் நின்றாள். முட்டை விற்று அந்த வீட்டில் பாதி செலவை நடத்துகிறவள், அதிகம் பேசமாட்டாள்.

“வாங்க அக்கா. இத்தனை நாள் கழிச்சா வர்றீங்க? நான் அன்னிக்கே சொன்னேன், இது அக்காவோட வண்டில இருந்ததாச்சே, கேட்டுட்டுக் கொண்டாந்தீங்களான்னு. ‘அண்ணியே குடுத்தாங்க’ன்னாரு.”

“நான் அபிலீன்ல இருந்தேன்.”

“அப்படித்தான் நெனச்சேன்” என்றாள் கோலீன்.

கூண்டின் மூலையில் என் பெட்டி வைக்கோல் நிரம்பிக் கிடந்தது. அதற்குள் சிவப்புக் கோழி ஒன்று அடை உட்கார்ந்திருந்தது. பெட்டியின் மூடி தண்ணீர்த் தொட்டியாகியிருந்தது. அதன் மேலிருந்த கண்ணாடிக்குள் மஞ்சள் கோடு இன்னும் உயிரோடு இருந்தது. கோழி என்னைப் பார்த்த பார்வையில் ஓர் உறுதி இருந்தது. தூசி வராத, காற்று வருகிற, சுவர் உள்ள இடம் எது என்று அது ஒரே பார்வையில் கண்டுபிடித்திருந்தது. டுவேனால் முடியாத காரியம்.

“இதக் கெளப்பறது கஷ்டம் அக்கா. குஞ்சு பொரிக்கற நேரம். கெளப்பினா முட்டையெல்லாம் கெட்டுப்போகும்.”

“கோலீன், எனக்கு இது இல்லாம நாளைக்கு வேலை இல்ல.”

“தெரியுது அக்கா. ஆனா அதுக்குத் தெரியணுமே.”

ஆர்லிஸ் கூண்டின் முன்னால் மண்டியிட்டார். முதுகு வலியில் அவர் முகம் சுருங்குவதைப் பார்த்தேன்; தடுக்கவில்லை. கோலீன் கொடுத்த ஆப்பிள் மரப்பெட்டியில் வைக்கோலைப் பரப்பி, பக்கத்தில் வைத்தார். பிறகு கோழியின் வயிற்றுக்கடியில் கையை நுழைத்தார். அது கொத்தியது. மறுபடி கொத்தியது. அவர் ஒவ்வொரு முட்டையாக எடுத்து மாற்றினார். ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு கொத்து வாங்கினார். கடைசியில் கோழியையே தூக்கிப் புதுப் பெட்டியில் வைத்தபோது அவர் புறங்கை முழுவதும் ரத்தம்.

“அது என்னத் திட்டுது” என்றார்.

“எனக்கு மிச்சம் வைக்காமத் திட்டுது” என்றேன்.

எங்கள் வீட்டு முற்றத்தில் பெட்டியைத் தேய்த்துக் கழுவினோம். வெயிலில் காயவைத்து, புது பேப்பர் ஃபில்டரை வைத்து, அவரே மாட்டினார். பாலைச் சிங்கத்தைக் கழற்றிப் புல்லில் போட்டார். குனிந்தபடியே சொன்னார்: “அந்தச் சத்தத்தக் கேட்டா நீ சிரிப்பேன்னு நெனச்சேன், நெல்டா.”

“சிரிக்கறதுக்கு உன் தம்பி போதாதா?”

அவர் சிரித்தார். நான் அவர் கைக்கு மருந்து போட்டேன். ஆனால் மனசு ஆறவில்லை. பெட்டி திரும்பிவிட்டது, உள்ளே போன மணல் திரும்பவில்லை. அது பிஸ்டனின் வளையங்களை எவ்வளவு தின்றிருக்கும்? அதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. டீசல் ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் அது தெரியும். நல்ல செய்தி வராதோ என்ற பயத்தில் யாரும் செய்யமாட்டார்கள். நானும் அந்த வாரம் முழுவதும் செய்யவில்லை. தினமும் அதிகாலையில் இன்ஜினைக் கிளப்பிவிட்டு, எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் தொட்டுவிட்டு, தொட்ட கையை எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறன்று ஆராதனை முடிந்ததும் டுவேன் வண்டி நிறுத்துமிடத்தில் பானெட்டுகளின் நடுவே நின்று எனக்காகக் காத்திருந்தான். “என்ன அண்ணி, திரும்பவும் அந்த டப்பாவா? மூக்க அடைச்சுட்டீங்களே! கோழி எச்சத்துல ஊறின டப்பா!”

“கோழி அந்த வேலையெல்லாம் உன் குழாய்க்குன்னு மிச்சம் வச்சிருந்துச்சு.”

ஆட்கள் சிரித்தார்கள். அவர்கள் முன்னாலேயே செய்துவிடுவது என்று எனக்குத் தோன்றியது. தனியாகச் செய்து கெட்ட செய்தியைத் தனியாகக் கேட்பதைவிட அது மேல். இன்ஜினைக் கிளப்பினேன். எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திருகிக் கழற்றி, தலைகீழாக அந்த வாயின் மேலேயே சும்மா வைத்தேன். வளையங்கள் தேய்ந்திருந்தால் வெடிப்பின் காற்று கீழே கசிந்து அந்த வழியாக மேலே வரும், மூடி குதிக்கும். தேயாவிட்டால் அது அப்படியே உட்கார்ந்திருக்கும்.

ஆர்லிஸ் என் பின்னால் வந்து நின்றார். மூடி நடுங்கியது. இன்னும் நடுங்கியது. கொதிக்கப்போகும் பாத்திரத்தின் மூடியைப்போல ஒருமுறை சற்றே நகர்ந்தது. பிறகு உட்கார்ந்தது. நான் ரொம்ப நேரம் மூடியையே பார்த்தேன். உட்கார்ந்தே இருந்தது.

தேய்மானம் இல்லாமல் இல்லை. ஆனால் உயிர் இருந்தது. ஆர்லிஸ் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

“பாத்தீங்களா!” டுவேன் கையைத் தட்டினான். “ஒண்ணும் ஆகல! அண்ணி இத்தனை நாளாப் பண்ணின அழுகை என்ன, ஆர்ப்பாட்டம் என்ன! சிங்கத்தால ஒரு துரும்பு சேதமில்ல. டீக்கன், நீங்களே சாட்சி.”

“ஒண்ணும் ஆகல” என்றார் டீக்கன் வெஸ்.

ஆர்லிஸ் தன் தம்பியிடம் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அன்றும் அவர் குரலை உயர்த்தவில்லை. “உன் வண்டி மூடிய வை” என்றார்.

“எதுக்கு?”

“சும்மா வை. சிங்கம்தான.”

டுவேன் தோளைக் குலுக்கிவிட்டுத் தன் ட்ரக்கைக் கிளப்பினான். அது கர்ஜித்தது. பானெட்டைத் தூக்கி, மூடியைக் கழற்றி, எல்லாரும் பார்க்கும்படி ஒரு வித்தைக்காரனின் நளினத்தோடு அந்த வாயின் மேல் தலைகீழாக வைத்துக் கையை எடுத்தான்.

மூடி நடுங்கவில்லை. நடுங்க அதற்கு நேரமே இல்லை. கை விலகிய அதே நொடியில் அது துள்ளி எழும்பி, ரேடியேட்டரின் விளிம்பில் மோதி, தரையில் விழுந்து, உருண்டோடிக் கோயில் வேனின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. திறந்த வாயிலிருந்து நீலப் புகை குபுகுபுவென்று எழுந்து வெஸ்ஸின் வெள்ளைத் தொப்பியைச் சூழ்ந்தது.

மூன்று வருடத்து மணல்மேடுகள் அந்தப் புகையில் எழுந்து போயின. இந்தத் தடவை இவனுக்கும் உறைக்கும் என்று நான் நினைத்தேன். கோபத்திலும் கொஞ்சம் இரக்கம்கூட எட்டிப் பார்த்தது. அவனுக்கும் ஓர் இன்ஜின் போகிறது அல்லவா.

டுவேன் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு தரையில் படுத்து, வேனின் அடியில் கைவிட்டு, மூடியை எடுத்துக்கொண்டு எழுந்தான். முகம் சிவந்திருந்தது. தூசியைத் தட்டினான். கூட்டத்தைச் சுற்றி ஒருமுறை பார்த்தான். பிறகு மூடியை எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தான்.

“பாத்தீங்களா பவர!” என்றான். “அண்ணி வண்டில வெறும் நடுக்கம். இங்க பாருங்க, மூடியே நிக்க மாட்டேங்குது!”

டீக்கன் வெஸ் தொப்பியைக் கழற்றிப் புகையை விசிறினார். கொஞ்ச நேரம் யோசித்தார். “டுவேன்” என்றார், “எனக்கும் ஒண்ணு வரவழைச்சுக் குடேன்.”